தெருமுனைப் பூங்காவும் திட்டிவாசலும்

பூங்கா என்னும் சொல் நமக்குப் புதிதன்று. கா, பொழில், சோலை, தண்டலை என மரங்கள் செறிந்த இடத்திற்கு நம் மொழியில் பெயர்கள் பல உண்டு. ஆனால், இன்று நம் தெருமுனைகளில் அமைகின்ற பூங்காவிற்கு முன்னோடி எது என்று எண்ணிப் பார்த்தால் விடை அத்தனை எளிதாகக் கிடைப்பதில்லை. சங்கப் பாடல்களில் மன்றம் வருகிறது. ஊர் நடுவே, மரத்தடியில், யாரும் வந்து அமரக்கூடிய பொதுவிடம் அது. சிலப்பதிகாரத்தில் இலவந்திகை வருகிறது. அது நீர்வாவியைச் சூழ்ந்த சோலை. அரச குடும்பத்தார் ஆடி மகிழ்வதற்கென்று அமைந்தது. அதற்கு மதில் உண்டு. கோவலனும் கண்ணகியும் புகார் நகரை விட்டு நீங்கும்போது அந்த மதிலின் புறத்தே நடந்துதான் சென்றார்கள் என்று இளங்கோவடிகள் குறிப்பிடுகிறார்.

எங்கள் குடியிருப்பின் பூங்காவைத் திருத்தியமைக்கும் பேச்சு எழுந்தபோது இந்த இரண்டு சொற்களும்தாம் எங்கள் நினைவில் திரும்பத் திரும்ப வந்தன. நாம் கட்டப் போவது மன்றமா, இலவந்திகையா? அந்த அனுபவத்தையும், அதையொட்டி நாங்கள் தேடிப் படித்த சிலவற்றையும் வாசக நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் 'நாங்கள்' யார் என்று சொல்லிவிடுகிறோம். ஐந்து நண்பர்கள். தென்சென்னையின் ஒரு குடியிருப்பில் அடுத்தடுத்த தெருக்களில் வசிப்பவர்கள். ஞாயிறுதோறும் மாலையில் அந்தப் பூங்காவின் வேப்பமரத்தடியில் கூடி, அவ்வாரம் படித்த நூலைப் பற்றிப் பேசுவது எங்கள் வழக்கம். சுண்டலுக்கும் குறைவில்லை, சண்டைக்கும் குறைவில்லை. பூங்காவோடு எங்களுக்கிருந்த தொடர்பு இவ்வளவே. நடைப்பயிற்சிக்குக்கூட நாங்கள் போனதில்லை.

பூங்காவின் பரப்பு ஏறக்குறைய 12 கிரவுண்டு. மனைப்பிரிவு போடப்பட்ட காலத்தில் பொதுப் பயன்பாட்டிற்கென ஒதுக்கப்பட்ட நிலம் அது. மனை வாங்கும்போது வரைபடத்தில் பச்சை வண்ணம் தீட்டிய ஒரு கட்டத்தை நம்மில் பலரும் பார்த்திருப்போம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரிப்பவர், சாலைகள் நீங்கலாக எஞ்சிய பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது விதி. அவ்வாறு வந்த நிலத்தை வேறு பயனுக்குத் திருப்பிவிடாமல் காப்பதற்கென்றே 1959ஆம் ஆண்டில் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றுக்கான சட்டம் ஒன்று நம் மாநிலத்தில் இயற்றப்பட்டது. ஒவ்வோர் உள்ளாட்சியும் தன் எல்லைக்குள் இருக்கும் பூங்காக்களின் பட்டியலை வைத்திருக்க வேண்டும், அவற்றைத் தூய்மையாகப் பேண வேண்டும், அரசின் முன் அனுமதியின்றி வேறெதற்கும் பயன்படுத்தலாகாது என்று அச்சட்டம் சொல்கிறது. நிலத்தைக் காப்பதற்கு இத்தனை ஏற்பாடுகள் இருக்கின்றன. அந்த நிலத்திற்குள் யார், எப்போது நுழையலாம் என்பதைப் பெரும்பாலும் வாயிலில் தொங்கும் பூட்டுதான் முடிவு செய்கிறது.

எங்கள் பூங்காவின் பூட்டு காலை 5 மணிக்குத் திறக்கும், 9 மணிக்கு மூடும். மாலை 4 மணிக்குத் திறக்கும், 8 மணிக்கு மூடும். நடுவிலுள்ள ஏழு மணி நேரம் மரங்கள் தமக்குத் தாமே நிழல் தந்துகொள்ளும்.

இந்த ஒழுங்கைக் குலைத்தது 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் சென்னையைக் கடந்த வர்தா புயல். பூங்காவிலிருந்த மயில்கொன்றை மரங்கள் இரண்டும் வேரோடு சாய்ந்தன. அவற்றுள் ஒன்று மேற்குச் சுற்றுச்சுவரின் மீது விழுந்து, எட்டடி நீளத்திற்குச் சுவரைப் பெயர்த்துவிட்டது. விழுந்த மரத்தை அறுத்து எடுத்துச் சென்றார்கள். சுவர் அப்படியே கிடந்தது. முன்வாயிலில் பூட்டு தவறாமல் தொங்கியது. மேற்கே பூங்கா திறந்து கிடந்தது. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு இந்த நிலை நீடித்தது.

அந்த ஒன்றரை ஆண்டில் நடந்தது ஆர்வத்திற்குரியது. வீடுகளில் வேலை முடித்த பெண்கள் அடுத்த வீட்டு வேலைக்கு முன்னால் வேப்பமரத்தடியில் அமர்ந்து சாப்பிட்டார்கள். இரவுக்காவல் முடித்த காவலாளிகள் துண்டை விரித்து உறங்கினார்கள். உணவுப் பொட்டலங்களை வீடுகளுக்குக் கொண்டு செல்லும் இளைஞர்கள் அடுத்த அழைப்பு வரும்வரை வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். அருகிலுள்ள கட்டுமானத்தில் சித்தாள் வேலை செய்த ஒரு தாய், தன் குழந்தைக்கு மரக்கிளையில் சேலைத்தூளி கட்டியிருந்தாள். காலையிலும் மாலையிலும் மட்டும் பூங்காவிற்கு வருபவர்களுக்கு இவர்களில் எவரையும் தெரியாது. அவர்கள் வரும்போது இவர்கள் இருக்கமாட்டார்கள்.

2018ஆம் ஆண்டில் பூங்காவைச் சீரமைக்க நிதி ஒதுக்கப்பட்டது. மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலம் அது. 2016இன் இறுதியில் பதவிக்காலம் முடிந்தபின் 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. ஆகவே, கவுன்சிலர் என்று ஒருவரைப் பார்த்துக் கேட்க வழியில்லை. குடியிருப்போர் கருத்தைத் தெரிவிக்கலாம் என்று சொல்லப்பட்டதும் நலச்சங்கத்தின் கூட்டம் கூடியது. வந்தவர்கள் முப்பதுக்கு மேல் இருக்கும். ஒரு மணி நேரத்தில் பட்டியல் ஆயத்தமாகிவிட்டது. சுவரை உயர்த்திக் கட்ட வேண்டும். அதன்மேல் கம்பிவேலி வேண்டும். பாதிப் பரப்பில் கொரியப் புல் வளர்க்க வேண்டும். எட்டு வடிவ நடைபாதை, திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள், செயற்கை நீரூற்று, பந்து விளையாடத் தடை என்று அது நீண்டது. இவற்றுள் எதுவுமே தவறான ஆசை என்று சொல்லிவிட முடியாது. மூட்டுவலியோடு சாலையில் நடந்து, வண்டிகளுக்கு அஞ்சி ஒதுங்கும் முதியவர்களுக்கு நல்ல நடைபாதை எவ்வளவு பெரிய உதவி என்பதை நாங்கள் அறிவோம்.

மனுவை எழுதும் பொறுப்பு எங்களிடம் வந்தது. 'நீங்கதான் புத்தகம் படிக்கறவங்களாச்சே, நல்ல தமிழ்ல எழுதிக் குடுங்க' என்றார்கள். எழுத உட்கார்ந்ததும் முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது. 'இப்பகுதி வாழ் மக்களாகிய நாங்கள்' என்று தொடங்குவதுதானே மனுவின் மரபு?

தமிழில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள் உண்டு. எதிரே இருப்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், விலக்கிவிட்டால் நாங்கள். ஆங்கிலத்தில் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டையும் சமாளிக்கிறார்கள். நமக்கோ வாயைத் திறந்தவுடனேயே முடிவெடுத்தாக வேண்டியிருக்கிறது. மனுவில் 'நாங்கள்' என்பது இலக்கணப்படி சரியே. அதிகாரியை அதில் சேர்த்துக்கொள்ள முடியாது. ஆனால், அந்த 'நாங்கள்' அதிகாரியை மட்டுமா விலக்குகிறது? மேற்குச் சுவரின் உடைப்பு வழியாக நண்பகலில் வருபவர்கள் அதற்குள் இருக்கிறார்களா? அவர்களில் பலர் இப்பகுதியில் வாழ்பவர்கள் அல்லர். ஆனால், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை இங்கேதான் கழிக்கிறார்கள். அவர்கள் குடியிருப்போரா, இல்லையா?

எழுதுவதை ஒரு வாரம் ஒத்திவைத்துவிட்டு, முறைவைத்துப் பூங்காவில் அமர்ந்தோம். ஒவ்வொரு மணிக்கும் எத்தனை பேர், யார், என்ன செய்கிறார்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்தோம். அத்துடன், அமர்ந்திருந்தவர்களிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டோம்: இங்கே என்ன இருந்தால் நன்றாக இருக்கும்?

கூட்டத்தில் வந்த பட்டியலுக்கும் நண்பகலில் வந்த பட்டியலுக்கும் பொதுவாக ஒன்றுகூட இல்லை. எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் வேலை செய்யும் ஓர் அம்மாள் சொன்ன விடை இது: 'குடிக்கத் தண்ணி வரணும் சார். அப்புறம் பொம்பளைங்க போறதுக்கு ஒரு பாத்ரூம். பெஞ்செல்லாம் எதுக்கு, தரையே போதும்.' காவலாளி ஒருவர் நிழல் வேண்டும் என்றார். அவ்வளவுதான். தண்ணீர், கழிவறை, நிழல். நீரூற்றைப் பற்றி எவரும் பேசவில்லை.

இப்படி உட்கார்ந்து எண்ணுவது எங்கள் கண்டுபிடிப்பன்று. அந்நாட்களில் படித்தபோது, வியன்னா நகரத்தார் இதையே பெரிய அளவில் செய்திருப்பது தெரியவந்தது. 1996-97இல் அந்நகரப் பூங்காக்களில் நடந்த ஆய்வில், ஒன்பது வயதைக் கடந்ததும் சிறுமியர் பூங்காவிற்கு வருவது வெகுவாகக் குறைந்துவிடுவதும், சிறுவர்களின் வருகை அப்படிக் குறையாததும் தெரியவந்தன. சிறுமியரை யாரும் விரட்டவில்லை. ஒரே பெரிய திடலாக இருந்த இடத்தைப் பந்தாடும் சிறுவர்கள் பிடித்துக்கொண்டால், மற்றவர்கள் மெல்ல விலகிவிடுகிறார்கள். 1999இல் அந்நகரின் ஐந்தாம் வட்டத்திலுள்ள இரண்டு பூங்காக்களைத் திருத்தியமைத்தபோது, திடலைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள்; பாதைகளையும் விளக்குகளையும் மேம்படுத்தினார்கள்; பூப்பந்துக்கும் கைப்பந்துக்கும் இடம் ஒதுக்கினார்கள். சிறுமியர் திரும்பி வந்தார்கள். வந்தவர்களிடம் மட்டும் கருத்துக் கேட்டிருந்தால், அந்தப் பூங்காக்கள் நன்றாகவே இருக்கின்றன என்றுதான் விடை வந்திருக்கும்.

ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் கதை இன்னும் பழையது. போருக்குப் பின், 1947இல், ஆல்டோ வான் ஐக் என்னும் இளம் கட்டடக் கலைஞர், நகரப் பொதுப்பணித்துறையில் பணியாற்றியபோது ஒரு சதுக்கத்தில் சிறு விளையாட்டிடம் அமைத்தார். மணல்தொட்டி, தாவிச்செல்லக் கற்கள், தொங்கிச் சுழலக் கம்பிகள், சுற்றிலும் அமர இருக்கைகள். செலவு மிகக் குறைவு. அதைப் பார்த்த மற்றத் தெருக்காரர்கள், எங்கள் தெருவிலும் ஒரு மூலை காலியாகக் கிடக்கிறது, எங்களுக்கும் வேண்டும் என்று நகராட்சிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். 1978 வரை எழுநூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டிடங்கள் அந்நகரில் உருவாயின. எந்த மூலை என்பதைத் தெருக்காரர்கள் சொன்னார்கள். எப்படி என்பதை அவர் வரைந்தார்.

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு, நோட்டுப் புத்தகத்துடன் இரண்டாம் கூட்டத்திற்குப் போனோம். நண்பகலிலும் பூங்கா திறந்திருக்க வேண்டும் என்று சொன்னதும் சலசலப்பு எழுந்தது. அப்போது எழுந்து பேசியவர் ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற ஆசிரியர். பூங்காவின் குழாய் உடைந்தால் தம் பணத்தில் மாற்றுபவர், உதிர்ந்த சருகைத் தாமே கூட்டி எருக்குழியில் இடுபவர்.

'எழுதிட்டுப் போயிடுவீங்க. மத்தியானம் குடிச்சிட்டு வந்து விழுந்து கெடக்கறவனை எழுப்பப் போறது யாரு? போன மாசம் நான்தான் எழுப்பினேன். என்னை அடிக்க வந்தான். நீங்க அப்ப ஆபீஸ்ல இருந்தீங்க.'

அந்தக் கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. வியன்னாவிலும் ஆம்ஸ்டர்டாமிலும் அதற்கு விடை தேட முடியாது. குடியிருப்போர் கருத்து என்று பேசும்போது நாம் பெரும்பாலும் விருப்பங்களைத்தான் திரட்டுகிறோம். பராமரிப்பு என்பதோ விருப்பமன்று. ஒருவர் ஒவ்வொரு நாளும் வந்து நிற்பது. இருபது ஆண்டுகளாக வந்து நின்றவர் அவர். அவருடைய அச்சத்தைக் குறுகிய மனம் என்று தள்ளிவிடுவது எளிது, நியாயமன்று.

விடை வந்தது நாங்கள் எதிர்பாராத ஓரிடத்திலிருந்து. கூட்டம் பூங்காவிற்குள்ளேயே நடந்தது. மேற்குச் சுவரை ஒட்டி இஸ்திரி வண்டி வைத்திருப்பவர், உடைப்பின் வழியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். 'சாவிய எங்கிட்ட குடுங்க சார். காலைலேர்ந்து ராத்திரி எட்டு மணி வரைக்கும் நான் இங்கதான நிக்கறேன். எவன் வர்றான், எவன் எப்படி வர்றான்னு எனக்குத் தெரியும்' என்றார். பெரியவர் அவரைச் சிறிது நேரம் பார்த்தார். 'இவன் சொன்னா நான் நம்பறேன்' என்றார். பல ஆண்டுகளாகத் தம் வேட்டிகளை அவரிடம் கொடுத்துவரும் நம்பிக்கை அது.

பழைய கோட்டைகளிலும் கோயில்களிலும் பெருங்கதவு சாத்தியிருக்கும்போது ஒருவர் மட்டும் குனிந்து நுழைவதற்கு ஒரு சிறு வாயில் இருக்கும். திட்டிவாசல் என்பார்கள். புயல் பெயர்த்த இடத்தில் சுவரை முழுவதும் அடைக்காமல் அப்படியொரு வாயில் வைப்பது என்று முடிவாயிற்று. இருசக்கர வண்டி நுழைய முடியாத அகலம். இஸ்திரி வண்டிக்கு நேரெதிரே. காலையில் அவர் திறப்பார், இரவு 8 மணிக்கு அவர் பூட்டுவார். முன்வாயிலின் நேரத்தை யாரும் மாற்றவில்லை. பெரியவர் விதித்த நிபந்தனை ஒன்றே: ஒரு மாதம் பார்ப்போம், தொல்லை வந்தால் அடைத்துவிடுவோம்.

புல்வெளியைப் பற்றிய பேச்சுக்கு நாங்கள் கணக்கோடு போயிருந்தோம். பாதிப் பரப்பு என்றால் 6 கிரவுண்டு, ஏறக்குறைய 1,340 சதுர மீட்டர். கோடையில் புல் வாடாமலிருக்க நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், சதுர மீட்டருக்கு 5 லிட்டர். மொத்தம் நாளொன்றுக்கு 6,700 லிட்டர். 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் இரண்டு நாளைக்கு வராது. இந்தக் கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டியபோது அதிகம் வாதாட வேண்டியிருக்கவில்லை. சென்னையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து பழகியவர்களுக்குக் கணக்கு உடனே புரிந்துவிடும். புல் ஒரு கிரவுண்டாகக் குறைந்தது, நீரூற்று நீங்கியது. மிச்சமானதில் குடிநீர்க் குழாயும், புங்கை, மகிழம், பூவரசு என இருபது கன்றுகளும் வந்தன. நடைபாதை கேட்டபடியே எட்டு வடிவில் அமைந்தது.

மறு ஆண்டே சோதனை வந்தது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் நகருக்கு நீர் தரும் ஏரிகள் ஏறத்தாழ முற்றிலும் வறண்டன. ஒரு கிரவுண்டுப் புல்லும் வைக்கோலாயிற்று. கன்றுகளைப் பிழைக்க வைத்தவர்கள் நண்பகலில் வருபவர்கள். பாத்திரம் கழுவிய நீரை வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கி, குடத்தில் கொண்டுவந்து ஊற்றினார்கள். காவலாளிகள் தங்கள் கட்டடங்களில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்து வைத்தார்கள். யாரும் அவர்களைக் கேட்டுக்கொள்ளவில்லை. இருபதில் பதினான்கு பிழைத்தன. அவற்றின் நிழலில் இப்போது தாராளமாக அமரலாம்.

எல்லாம் நன்றாக முடிந்துவிட்டது என்று எழுத எங்களுக்கும் ஆசைதான். கழிவறை இன்னும் வரவில்லை. இடம் இல்லை, நிதி இல்லை, பராமரிக்க ஆள் இல்லை என்று ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விடை. கேட்டவர்கள் நண்பகல்காரர்கள் என்பதும் ஒரு காரணமோ என்று எங்களுக்கு ஐயமுண்டு. பந்து விளையாடும் பையன்களின் சிக்கலும் தீரவில்லை. பத்து வயதிற்குட்பட்டவர்களுக்கு ஒரு மூலை கிடைத்தது, மற்றவர்கள் தெருவிலேயே ஆடுகிறார்கள். திட்டிவாசல் மூன்று முறை சில நாட்கள் அடைபட்டுத் திறந்தது. ஒருமுறை அடைத்தவர் இஸ்திரிக்காரரே. குடித்துவிட்டு வந்தவனோடு ஏற்பட்ட தகராறு. மீண்டும் திறக்கச் சொன்னவர் அந்தப் பெரியவர். வேலைக்கு வரும் பெண்கள் வெயிலில் எங்கே உட்காருவார்கள் என்று அவரே கேட்டார்.

சட்டம் இதில் எவ்வளவு தூரம் துணைவரும்? 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் நகர உள்ளாட்சிகளுக்குரிய பதினெட்டுப் பொருள்களில் ஒன்றாக வைத்தது. மூன்று இலட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வட்டக் குழுக்கள் அமைக்கச் சொன்னது. தமிழகத்தில் வட்டக் குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் விதிகள் வகுக்கப்பட்டது 2022இல்தான். ஊரகத்துக் கிராமசபையைப் போல நகரத்தின் ஒவ்வொரு பகுதியிலும் மக்கள் கூடிப் பேச இடம் கிடைத்திருக்கிறது. இது பெரிய மாற்றம்; ஐயமில்லை. ஆயினும், பகுதி சபை வாக்காளர் பட்டியலின் அடிப்படையில் அமைவது. சித்தாள் வேலைக்கு வெளியூரிலிருந்து வந்த தாயின் பெயர் அந்தப் பட்டியலில் இராது. அவளுக்காக யாராவது ஒரு நோட்டுப் புத்தகத்தோடு மரத்தடியில் உட்கார்ந்தாக வேண்டும்.

எங்கள் மனு கடைசியில் 'நாங்கள்' என்றே தொடங்கியது. இலக்கணத்தை மீற மனம் வரவில்லை. கையெழுத்திட்டவர்களில் ஒன்பது பேர் நண்பகல்காரர்கள். முகவரி என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அவர்கள் கேட்டார்கள். பூங்காவின் முகவரியை எழுதச் சொன்னோம்.

வாசக நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருப் பூங்காவின் பூட்டு எந்நேரம் திறக்கிறது, எந்நேரம் மூடுகிறது என்று ஒருமுறை பாருங்கள். மூடியிருக்கும் நேரத்தில் அந்தப் பக்கமாக நடந்து போங்கள். சுவரின் வெளிநிழலில் யாரேனும் அமர்ந்திருந்தால், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.